சமூக மருத்துவத்துக்குப் புதிதா? ஒரே ஊரைப் பிடியுங்கள், பாடமும் ஆய்வும் அங்கேயே இருக்கின்றன

கோவை, பெருந்துறை, சேலம், கரூர் என்று எந்தக் கல்லூரியாக இருந்தாலும் சரி, சமூக மருத்துவத்தில் மேற்படிப்புக்குச் சேர்ந்தவருக்கும், எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்புக்கு வந்தவருக்கும், உதவிப் பேராசிரியராகப் புதிதாக வேலைக்கு வந்தவருக்கும் ஆரம்பத்திலேயே இரண்டு வேலை வந்து விழும். இளநிலைப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுங்கள் என்பார்கள். ஆய்வுத் தலைப்பைச் சொல்லுங்கள் என்பார்கள். முன்னதற்குப் பழைய ஸ்லைடுகளையும், பின்னதற்கு சீனியரின் பழைய தீசிஸையும் தேடி ஓடுவதுதான் வழக்கம், இரண்டும் சப்பென்று போவதும் அதனால்தான். என் கட்சி வேறு. கல்லூரியைச் சுற்றியிருக்கும் ஒரு ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே கண்டதைப் பாடமாக்குங்கள். பாடம் நடத்தும்போது பிள்ளைகள் கேட்டு, யாருக்கும் பதில் தெரியாமல் நின்ற கேள்வியை ஆய்வாக்குங்கள். அதை எப்படிச் செய்வது என்றுதான் இனி சொல்லப் போகிறேன்.

ஊரைத் தேர்ந்தெடுப்பது

உங்கள் துறைக்கென்று ஓர் ஊரகப் பயிற்சி மையம் இருக்கும், அதைச் சுற்றிச் சில துணை சுகாதார நிலையங்கள் இருக்கும். அதில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், ரொம்பப் பெரிய ஊராக வேண்டாம். எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் சில குடும்பங்களைத் தொடர்ந்து போய்க் கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்துக்குப் போகிற ஊராகவே இருந்தால் நல்லது, வண்டி எப்படியும் அங்கே போகும்.

முதல் தடவை கேள்வித்தாளோடு போகாதீர்கள். ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாளில், கிராம சுகாதார செவிலியர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ஊரில் நர்சம்மா என்பார்கள். எந்த வீட்டு மருமகள் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், எந்தக் குழந்தைக்கு எடை ஏறவில்லை, எந்த வீட்டில் மாமியார் சொன்னால்தான் ஊசி போட விடுவார்கள் என்பதெல்லாம் கர்ப்பிணிகளுக்கான அரசின் பிக்மி இணையப் பதிவில் இருக்காது, அவருக்குத் தெரியும். அடுத்து சுகாதார ஆய்வாளரைப் பாருங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எத்தனை நாளுக்கு ஒரு தடவை விடுகிறார்கள், போன மழைக்கு எந்தத் தெருவில் காய்ச்சல் வந்தது என்று அவரிடம் கேளுங்கள். மூன்றாவது ஆள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கிற அக்கா. மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருப்பவர் யார் என்பது டாக்டரைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இந்த மூவரிடமும் பேசிய பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்தால் அதுவே வேறு மாதிரி படிக்கும்.

அப்புறம் ஒரு வரைபடம். கூகுள் மேப் போதாது, கையால் வரையுங்கள். நம் கொங்குப் பக்கத்து ஊர்கள் நெருக்கமாக ஒரே இடத்தில் இருப்பதில்லை. ஊருக்குள் கொஞ்சம் வீடு, மிச்சமெல்லாம் இட்டேரி, அதாவது வேலிகளுக்கு நடுவே போகும் தோட்டப் பாதை, வழியாக உள்ளே போனால் தோட்டத்துக்கு ஒன்றாக நிற்கும். ‘ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு’ என்று ஆய்வுக்கு வீடு தேர்ந்தெடுக்கப் புத்தகம் சொல்வது விசைத்தறி ஓடுகிற சோமனூர்த் தெருவிலோ, திருப்பூரில் பனியன் கம்பெனி ஆட்கள் தங்கும் லைன் வீட்டிலோ நடக்கும். தோட்டங்களில் நடக்காது, அங்கே பட்டியல் போட்டுக் குலுக்கித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். ஊர்ப் பெரியவர் காட்டுகிற வழியில் மட்டும் நடந்தால் அருந்ததியர் குடியிருப்பு உங்கள் வரைபடத்தில் வராமலே போகும், அது வராத ஆய்வில் அந்த ஊரின் நோய்க்கணக்கு பாதிதான் இருக்கும். அதனால் அங்கிருந்தே தொடங்குங்கள் என்பதுதான் என் பழக்கமும் பரிந்துரையும்.

வகுப்பெடுப்பது

முதல் வகுப்புக்கு நாற்பது ஸ்லைடு தயார் பண்ணிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு திறமை போதும். வகுப்பு முடிந்து வெளியே போகும் பிள்ளைக்கு எதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். ‘குளோரினேற்றம் பற்றி அறிவார்’ என்பது அந்த வரி ஆகாது. ‘ஒரு குழாய்த் தண்ணீரில் மீதி குளோரின் எவ்வளவு என்று அளந்து, போதுமா போதாதா என்று சொல்வார்’ என்பதுதான் ஆகும்.

இதே பாடத்தையே எடுத்துக்கொள்வோம். நிறத்தை வைத்துக் குளோரினை அளக்கும் குளோரோஸ்கோப்பும், அந்த நிறத்தை வரவைக்கும் ஆர்த்தோடோலிடின் திரவமும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போய் மேல்நிலைத் தொட்டியடியில் நிறுத்துங்கள். டேங்க் ஆபரேட்டரையே பேச விடுங்கள், எப்போது பிளீச்சிங் பவுடர் போடுகிறார், எவ்வளவு போடுகிறார், பவுடரை எங்கே வைத்திருக்கிறார் என்று பிள்ளைகள் கேட்கட்டும். ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம் நல்ல பவுடர் என்பது பாடப்புத்தகக் கணக்கு, அப்படியானால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். ஆனால் அந்த ‘நல்ல’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. புதுப் பவுடரில் 33 சதவீதம் குளோரின் இருக்கும், வாய் திறந்த மூட்டையில் ஈரக் காற்று பட்டால் அது நாளுக்கு நாள் இறங்கிவிடும். தொட்டியடியில் ஒரு மாதிரி எடுங்கள், ஊரின் கடைசித் தெருக் குழாயில் ஒரு மாதிரி எடுங்கள். ஆர்த்தோடோலிடின் விட்டவுடன், பத்து விநாடிக்குள் தெரிகிற மஞ்சள் நிறத்தைத்தான் தனிக் குளோரினாகப் படிக்க வேண்டும், கதை பேசிக்கொண்டே பார்த்தால் அளவு ஏறிக் காட்டும். ஒரு மணி நேரத் தொடர்புக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. தொட்டியடியில் நன்றாக மஞ்சளாகி, கடைசிக் குழாயில் நிறமே வரவில்லை என்றால் இனி நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். குழாய் எங்கே உடைந்திருக்கிறது, சாக்கடை எங்கே குறுக்கே போகிறது, அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பேச்சு தானாக நீளும். அந்தப் பேச்சில் ஒரு ஆய்வுக் கேள்வியாவது கட்டாயம் இருக்கும், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பாடத்துக்கும் ஊருக்குப் போக முடியாதுதான். புள்ளியியல் என்றதும் தூங்கிவிழும் வகுப்புக்கு ஒரு யோசனை. சூத்திரத்தைப் பலகையில் எழுதாமல் ஆயிரம் பேரை வைத்துக் கணக்குப் போடுங்கள். ஒரு பரிசோதனையின் சென்சிட்டிவிட்டி 90, அதாவது நோயுள்ள நூறு பேரில் 90 பேருக்கு பாசிட்டிவ் காட்டும், ஸ்பெசிபிசிட்டி 90, அதாவது நோயில்லாத நூறு பேரில் 90 பேருக்கு நெகட்டிவ் காட்டும் என்று வைத்துக்கொள்வோம். ஊரில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் நோய். அப்படியானால் ஆயிரத்தில் நோயாளி 10 பேர், அதில் 9 பேருக்கு பாசிட்டிவ் வரும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் பொய்யாக பாசிட்டிவ் வரும். ஆக பாசிட்டிவ் என்று சொல்லப்பட்ட 108 பேரில் உண்மையான நோயாளி 9 பேர்தான், பன்னிரண்டு பேருக்கு ஒருவர். அதே பரிசோதனையை நூற்றுக்கு இருபது பேருக்கு நோய் இருக்கிற இடத்தில், பெருந்துறை ஒரு காலத்தில் காசநோய் சானடோரியமாக இருந்ததே, அந்த மாதிரி இடத்தில் செய்தால் 260 பாசிட்டிவில் 180 பேர் நிஜமான நோயாளிகள். முகாம் போட்டு எல்லாரையும் சோதிப்பது ஏன் எப்போதும் நல்ல காரியம் இல்லை என்று இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

பயிற்சிக்கு மைக்ரோ டீச்சிங் நல்லது. ஆறேழு நிமிடம் ஒரே ஒரு கருத்தை நண்பர்கள் முன்னால் நடத்துங்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு மறுபடி நடத்துங்கள். ‘நல்லா இருந்துச்சு’ என்று சொல்கிற நண்பரை அடுத்த தடவை கூப்பிடாதீர்கள். எந்த இடத்தில் குழம்பியது என்று சொல்கிறவர்தான் வேண்டும். ஆசிரியராகச் சேர்ந்தவர்களுக்கு மருத்துவக் கல்வி அடிப்படைப் பயிற்சி கட்டாயம், அதை வருகைப் பதிவுக்காகப் போய் உட்காராமல் உங்கள் ஊர்ப் பாடத்தையே அங்கே கொண்டுபோய் நடத்திப் பாருங்கள். அதற்கும் மேலே போக ஆசை இருந்தால் வெளியூர் அலைய வேண்டாம், கோவை பி.எஸ்.ஜி.யிலேயே 2007 முதல், மருத்துவக் கல்வி மேம்பாட்டுக்கான அமெரிக்க அமைப்பான ஃபெய்மரின் மண்டல மையம் மருத்துவக் கல்வியில் பெல்லோஷிப் நடத்துகிறது.

கேள்வியைச் சின்னதாக்குவது

‘மஞ்சள் விவசாயிகளின் உடல்நலம்’ என்று தலைப்புக் கொண்டுவந்தால் அது தலைப்பு இல்லை, ஆசை. பவானி வட்டாரத்தில் கூலிக்கு மருந்தடிக்கும் ஆண்கள், போன பருவத்தில், மருந்தடித்த 24 மணி நேரத்துக்குள் தலைச்சுற்றல், வாந்தி, கண் எரிச்சல் வந்தவர்கள் எத்தனை பேர், கையுறை போட்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசம் உண்டா என்று கேட்டால் அது ஆய்வாகும். யார், எங்கே, எப்போது, எதை அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற ஐந்தும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும். வரவில்லை என்றால் வழிகாட்டியிடம் போகாதீர்கள், இன்னும் யோசியுங்கள்.

யாரைப் போய்ப் பார்க்கிறோம் என்பதில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். கோவைப் பக்கம் ஸ்பின்னிங் மில் ஆட்களுக்குப் பஞ்சுத் தூசியால் வரும் பிசினோசிஸ் பற்றி ஆய்வு செய்யப் போகிறீர்கள். விடுமுறை முடிந்து வேலைக்கு வரும் முதல் நாள் நெஞ்சு இறுக்கும், பிறகு நாளாக ஆக எல்லா நாளும் இறுக்கும். மில்லுக்குள் போய் இப்போது வேலையில் இருப்பவர்களை மட்டும் சோதித்தால் நோய் குறைவாகத்தான் தெரியும், ‘மில்லில் பிரச்சினை இல்லை’ என்று எழுதிவிடுவீர்கள். மூச்சு முட்டியவர்கள் ஏற்கெனவே வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து ஆடு மேய்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் மில் பட்டியலில் இல்லை. இதனால்தான் ஊரைப் பிடியுங்கள் என்கிறேன். வேலையை விட்டவர்கள் எல்லாரும் ஊரில்தான் இருக்கிறார்கள்.

தேடிப் போக வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு நம் பக்கம் கேள்விகள் கொட்டிக் கிடக்கின்றன. நொய்யலில் சாயக்கழிவு, 2011 நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட பிறகு என்ன ஆனது. நாமக்கல் கோழிப்பண்ணையில் ஆன்டிபயாட்டிக். சேலம் பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. நாளுக்கு ஒருமுறை வராத தண்ணீரைச் சேமித்து வைக்கிற திருப்பூர் லைன் வீட்டு டிரம்மும் டெங்குக் கொசுவும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய். எல்லாமே ஏற்கெனவே பலர் தொட்டவை, அதனால் என்ன? உங்கள் ஊரில் அது எப்படி இருக்கிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

களத்துக்குப் போக நேரமில்லாதவர்கள் தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, மாவட்ட வாரியான அறிக்கையை இறக்கி, ஈரோட்டையும் நாமக்கல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே எண் விலகி நிற்கிறதோ அங்கே கேள்வி இருக்கிறது.

முறைகளைக் கற்றுக்கொள்ளச் சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைனில் நடத்தும் ஆய்வு அடிப்படைப் பாடம் இருக்கிறது. முதுநிலை மாணவர்களுக்கு எப்படியும் கட்டாயம். பாடம் இலவசம், தேர்வுக்குத்தான் கட்டணம். வீடியோவை ஒன்றரை வேகத்தில் ஓட்டிச் சான்றிதழ் வாங்கிவிடலாம்தான், ஆனால் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் உங்கள் கேள்விக்கு அதைப் போட்டுப் பார்த்தால் புரொட்டோகால் என்கிற ஆய்வுத் திட்ட வரைவில் பாதி அப்படியே எழுதி முடிந்துவிடும்.

எண்ணிக்கை, கேள்வித்தாள், நேரம்

எத்தனை பேர் வேண்டும் என்பதற்கு 4பிகியூ வகுத்தல் டி ஸ்கொயர். பி என்பது நூற்றுக்கு எத்தனை பேருக்கு இருக்கும் என்ற எதிர்பார்ப்பு, கியூ என்பது நூறில் மிச்சம், டி என்பது பொறுத்துக்கொள்ளும் பிழை. நூற்றுக்கு 30 பேருக்கு இருக்கும் என்று முந்தைய ஆய்வு சொல்கிறது, ஐந்து புள்ளி முன்னே பின்னே போனால் பரவாயில்லை என்றால், நான்கு பெருக்கல் 30 பெருக்கல் 70 வகுத்தல் 25, அதாவது 336. தனித்தனி ஆளாக எடுக்காமல் தெருத் தெருவாக, கிளஸ்டராக எடுத்தால் ஒரே தெருக்காரர்கள் ஒரே மாதிரி இருப்பதை ஈடுகட்டும் டிசைன் எஃபெக்ட் என்ற பெருக்கம் இரண்டு என்று வைத்து 672. பத்துக்கு ஒருவர் மறுப்பார், வீட்டில் இருக்க மாட்டார் என்று சேர்த்தால் கிட்டத்தட்ட 750. இந்த எண்ணைப் பார்த்துப் பயந்து கேள்வியை மாற்றுவது தப்பில்லை, முதல் வருடத்திலேயே பயப்படுவது நல்லது.

கேள்வித்தாளில் எல்லாரும் இடறுவது வருமானத்தில். குடும்பத்தின் பொருளாதார நிலையை வகைப்படுத்தும் பி.ஜி. பிரசாத் அளவுகோலுக்குத் தலைக்கு மாத வருமானம் வேண்டும். மஞ்சள் போட்டவருக்கு மாதம் என்ன வருமானம்? வருடத்துக்கு ஒருமுறை அறுவடை, விலை வரும் வரை குடோனில் இருப்பு, அப்புறம் மொத்தமாகப் பணம். தறிக்காரருக்கு வாரக்கூலி, அதிலும் முன்பணம் கழியும். ‘மாத வருமானம் எவ்வளவுங்க?’ என்று கேட்டால் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வார்கள். போன வருசம் எத்தனை மூட்டைங்க, என்ன விலைக்குப் போச்சுங்க, உரம், ஆள்கூலி போக என்ன நின்னுச்சுங்க என்று கேட்டுவிட்டுப் பன்னிரண்டால் வகுப்பது உங்கள் வேலை. கேள்வித்தாளை ஆய்வு ஊருக்குப் போகும் முன் பக்கத்து ஊரில் கொஞ்சம் பேரிடம் கேட்டுப் பாருங்கள், எங்கே அவர்கள் சிரிக்கிறார்களோ அந்தக் கேள்வியை மாற்றுங்கள்.

நேரமும் ஊருக்கு ஊர் மாறும். காலை பத்து மணிக்குப் போனால் வயதானவர்களும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களும்தான் கிடைப்பார்கள், உங்கள் முடிவும் அவர்களைப் பற்றித்தான் இருக்கும். விவசாய ஊருக்குப் பொழுதோட, அதாவது சாயங்காலம், போங்கள். பனியன் கம்பெனி ஆட்களுக்கு ஞாயிறுதான், சனிக்கிழமை சம்பள நாளில் யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள். சந்தை நாள், மாரியம்மன் நோம்பி நாள் வேண்டவே வேண்டாம். வடநாட்டுத் தொழிலாளர்கள் ஹோலிக்கும் சட் பூஜைக்கும் ஊருக்குப் போய்விடுவார்கள், தெருவே காலியாக இருக்கும். தாளவாடி, பர்கூர் பக்கம் என்றால் யானை நடமாட்டத்தையும் திம்பம் மலைப்பாதை இரவுத் தடையையும் பார்த்து இருட்டும் முன் இறங்கிவிடுங்கள்.

அனுமதி

நெறிமுறைக் குழு அனுமதி இல்லாமல் ஒருவரிடம்கூடத் தகவல் வாங்கக் கூடாது, பின்தேதி போட்டு யாரும் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஐ.சி.எம்.ஆர். 2017 வழிகாட்டுதலை முழுதாகப் படியுங்கள். ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் வாய்மொழி ஒப்புதல், அதற்கு மேல் பதினெட்டு வரை எழுத்தில் ஒப்புதல், கூடவே பெற்றோர் கையெழுத்து. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது சம்பந்தமில்லாத ஒரு சாட்சி இருக்க வேண்டும். அரசு நிலையத்தில் செய்தால் மாவட்ட சுகாதார அலுவலரிடம் தனி அனுமதி. கம்பெனியில் என்றால் முதலாளி கொடுப்பது உள்ளே வர அனுமதிதான், தொழிலாளியின் ஒப்புதல் ஆகாது. சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் பேட்டியை நிறுத்திவிடுங்கள். ஒடியா, இந்தி பேசுபவருக்குத் தமிழ்ப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் ஒப்புதல் இல்லை.

பிள்ளைகளோடு தகவல் சேகரிப்பது

இங்கேதான் ஆசிரியர் வேலையும் ஆய்வாளர் வேலையும் ஒன்றாகின்றன. மாணவர்களை வைத்து ரத்த அழுத்தம் எடுக்கிறீர்கள் என்றால் முதலில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஐந்து நிமிடம் உட்கார வைத்து, கையைத் தாங்கி வைத்து, மூன்று தடவை அளந்து, கடைசி இரண்டின் சராசரி. முதல் நாள் முடிந்ததும் எண்களை வரிசையாகப் பாருங்கள். 120, 130, 140 என்று எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தால் யாரோ உத்தேசமாக எழுதுகிறார்கள் என்று அர்த்தம். திட்டாதீர்கள், அந்த எண்களையே பலகையில் போட்டு வகுப்பெடுங்கள். அளவீட்டுப் பிழை பற்றி அதைவிட நல்ல பாடம் கிடையாது.

காகிதத்துக்குப் பதில், கேள்வித்தாளை மொபைலில் நிரப்ப உதவும் கோபோ டூல்பாக்ஸ் போடுங்கள், இலவசம், சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடும். வயது 250 என்று தட்டினால் ஏற்காதபடி அமைக்கலாம். தகவலை அலசுவதற்கு எபி இன்ஃபோ என்ற மென்பொருள் போதும், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்ளப் பொறுமை இருந்தால் இன்னும் நல்லது. மேற்கோள்களைத் தொகுக்க சோட்டெரோ மென்பொருள். எழுதும்போது, இப்படிப்பட்ட ஆய்வறிக்கையில் எதெல்லாம் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஸ்ட்ரோப் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாணவர்களைச் சம்பளமில்லாத வேலையாளாக நினைக்காதீர்கள். கேள்வியை உருவாக்குவதிலும் எழுதுவதிலும் பங்கெடுத்தவருக்குக் கட்டுரையில் பெயர் வர வேண்டும், யார் பெயர் எந்த வரிசையில் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள், முடிந்த பிறகு பேசினால் சண்டைதான். ஆர்வமுள்ள இளநிலைப் பிள்ளையிடம் ஐ.சி.எம்.ஆரின் குறுங்கால மாணவர் ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். 1979 முதல் நடக்கிறது, இரண்டு மாத வேலை, உதவித்தொகையும் உண்டு. அவருக்கு வழிகாட்டும்போது உங்களுக்குத் தெரியாதது எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

முடிவை ஊருக்குச் சொல்வது

அதிக பிரஷர், அதிக சர்க்கரை கண்டுபிடித்தவருக்கு அன்றைக்கே சீட்டு எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும், ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மொத்த முடிவை, கட்டுரை அச்சாகும் முன்பே, நர்சம்மாவிடமும் சுகாதார ஆய்வாளரிடமும் காட்டுங்கள். ‘இந்தத் தெருவில் இவ்வளவு குறைவா இருக்காதுங்களே’ என்று அவர்கள் சொன்னால் போய்த் திரும்பப் பாருங்கள். கிராம சபை வருடத்துக்கு ஆறு நாள் கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், குளோரின் அளவு பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. ஊராட்சித் தலைவரிடம் முன்கூட்டியே பேசிப் பத்து நிமிடம் வாங்குங்கள். ஸ்லைடு வேண்டாம், ஒரே ஒரு பெரிய அட்டையில் கையால் வரைந்த அந்த ஊர் வரைபடம் போதும். யார் வீடு என்று அடையாளம் தெரியாதபடி தெரு அளவில் மட்டும் குறியுங்கள். ஐந்து வீடே இருக்கிற தெருவைப் பக்கத்துத் தெருவோடு சேர்த்துவிடுங்கள். கேள்வி கேட்பார்கள், சிலது காரமாகவே இருக்கும். குறித்துக்கொண்டு வாருங்கள், அடுத்த தொகுதிப் பிள்ளைகளுக்கு அதில் வகுப்பிருக்கிறது.